ஒரு நாள் உரிமம்: ரசிகர் வார்க்கும் பொம்மையும் பதிப்புரிமையும்

ஜப்பான் தேசத்தில், டோக்கியோ நகரை அடுத்த சீபா மாகாணத்தின் கடற்கரையோரமாக அமைந்துள்ள மகுஹாரி மெஸ்ஸே என்னும் பெரிய கண்காட்சி மண்டபத்தில், குளிர்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையுமாக, 'வொண்டர் ஃபெஸ்டிவல்' என்ற பெயரில் ஒரு பொம்மைச் சந்தை கூடுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மேஜைகள் வரிசை வரிசையாகப் போடப்பட்டிருக்கும் அச்சந்தையில், பகலில் வேறு ஏதோ உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் கண்விழித்துத் தம் கையாலேயே பொம்மை வடித்த மனிதர்கள், அவற்றைப் பத்தும் இருபதுமாகப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு வந்து விற்கிறார்கள். அவர்கள் விற்கும் உருவங்களில் பெரும்பாலானவை சித்திரக் கதைகளிலும், திரைப்படங்களிலும், தொலைக்காட்சித் தொடர்களிலும் பிறர் சிருஷ்டித்த பாத்திரங்களின் உருவங்களே. பதிப்புரிமையை மீறினால் பத்தாண்டு வரை சிறைவாசம் விதிக்க இடம் தரும் சட்டம் அமலில் உள்ள தேசத்தில் இவ்வியாபாரம் பகிரங்கமாகவும், உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதத்தோடும் நடைபெறுகிறது. அச்சம்மதத்தின் ஆயுள் ஒரே ஒரு நாள். காலையில் சந்தை திறக்கும்போது பிறந்து, மாலையில் கதவடைக்கும்போது அது முடிந்துபோகிறது.

'தோஜித்சு ஹன்கென்' என்று ஜப்பானியர் வழங்கும் இந்த ஒரு நாள் உரிம ஏற்பாட்டைப் பற்றி நம் நாட்டில் அதிகமாக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. பிரசித்தி பெற்ற பாத்திரங்களின் உருவங்களை அபிமானத்தினால் வார்த்து விற்க விரும்பும் இளைஞர்கள் நம்மிடையேயும் பெருகிவரும் இக்காலத்தில், அபிமானத்துக்கும் உடைமைக்கும் இடையே எழும் வழக்கை ஒரு சமூகம் எவ்வாறு நியாயமாகத் தீர்த்துக்கொண்டது என்பதை அறிந்துகொள்வது அவசியமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொம்மைக் கம்பெனிகள் பல பீரங்கி வண்டி, போர் விமானம், கப்பல் முதலியவற்றின் பிளாஸ்டிக் மாதிரிகளையே பிரதானமாகத் தயாரித்து வந்தன. ராட்சத மிருகங்கள் வரும் படங்களையும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர்களையும் பார்த்து வளர்ந்த தலைமுறையினருக்கோ, தாம் நேசித்த உருவங்களைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டுமென்ற தாபம் இருந்தது. எஃகு அச்சு வெட்டி, பல்லாயிரக்கணக்கில் வார்த்தாலொழியக் கட்டுப்படியாகாத தொழிலில், சில நூறு பேர் மட்டுமே விரும்பும் ஒரு பாத்திரத்தை எந்த முதலாளியும் தொடமாட்டார். ஆகவே ரசிகர்கள் தாமே செய்துகொள்ளத் தலைப்பட்டார்கள். வீட்டுக் கொட்டகையில் செய்யப்படுவது என்ற பொருளில் அவற்றுக்கு 'கராஜ் கிட்' என்று பெயர் நிலைத்தது. ஒசாகா நகரில் 1982இல் ஒகாதா தோஷியோவும் தகேதா யாசுஹிரோவும் தொடங்கிய 'ஜெனரல் ப்ராடக்ட்ஸ்' என்ற கடை இத்தகைய பொருள்களுக்கென்றே ஏற்பட்டது. அக்கடையாரே 1985 முதல் மேற்சொன்ன சந்தையை நடத்தினர். பின்னர் 1992இல், 1964ஆம் ஆண்டு ஒசாகாப் பகுதியில் மியாவாகி ஒசாமு என்பவர் மிகச் சிறிய மாதிரிக் கடையாகத் தொடங்கிய 'காயோதோ' நிறுவனத்தாரிடம் அச்சந்தை கைமாறி இன்றளவும் நடந்து வருகிறது.

இவ்வுருவங்கள் தயாராகும் முறையைச் சற்று அருகில் நின்று பார்த்தால்தான் ஒரு நாள் உரிமத்தின் தர்க்கம் விளங்கும். சிற்பி முதலில் எபாக்சி புட்டியைப் பிசைந்து, கம்பிச் சட்டத்தின் மேல் அப்பி, இறுகியபின் செதுக்கியும் தேய்த்தும் மூல உருவத்தைச் செய்கிறார். இப்போது பலர் கணினியிலேயே வடித்து முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்துக்கொள்கிறார்கள். மூல உருவத்தைக் கை, கால், கூந்தல், ஆடை மடிப்பு எனத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பாதியளவு களிமண்ணில் புதைத்து, மேலே சிலிகோன் ரப்பரை ஊற்றி உறையவிட்டு, புரட்டிப் போட்டு, களிமண்ணை நீக்கி, மறு பக்கத்துக்கும் ஊற்றுகிறார். இவ்விதம் கிடைக்கும் இருபாதி அச்சை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, இரு திரவங்களாக வரும் பாலியூரித்தேன் ரெசினைக் கலந்து வாய்த்துளையில் வார்க்கிறார். கலந்த சில நிமிஷங்களில் அது சூடேறி வெண்மையாகக் கெட்டிப்படத் தொடங்கிவிடுமாதலால் கை தாமதித்தால் மூக்கு நுனியிலோ விரல் முனையிலோ காற்றுக் குமிழி தங்கிவிடும். ரெசினின் உஷ்ணமும் ரசாயனமும் தின்று தின்று, சில பத்துப் பிரதிகள் எடுப்பதற்குள் அச்சின் நுண்ணிய விளிம்புகள் கிழிந்துபோகும். ஒரு மனிதர் தம் சமையலறை மேஜையில் ஒரு பருவத்துக்குள் செய்யக்கூடியது இருபது முப்பது பெட்டிதான் என்ற வரம்பைச் சட்டம் விதிக்கவில்லை. அந்த ரப்பர் அச்சே விதித்துவிடுகிறது.

இந்த இருபது பெட்டிக்காக ஒருவர், கம்பெனிகளுக்கிடையே வழங்கும் சம்பிரதாயமான வியாபார உரிமத்தைப் பெற முயன்றால் என்ன ஆகும்? குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, முன்பணம், வக்கீல்கள் சரிபார்த்த ஒப்பந்தம், ஆண்டுக் கணக்குத் தணிக்கை என்று வரும் செலவு அவர் பொம்மைகளின் மொத்த விலையை விழுங்கிவிடும். உரிமையாளருக்கும் அத்தகைய விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கும் சிரமத்துக்கு ஈடாக ஒன்றும் கிடைக்காது. ஆகையால் நேர்மையாளர் கேட்க முடியாமலும், துணிச்சல்காரர் கேட்காமலும் செய்வதே வழக்கமாகிவிடும். ஒரு நாள் உரிமம் இம்முட்டுக்கட்டையை நீக்கிற்று. சந்தைக்குப் பல மாதங்களுக்கு முன்பே, ரசிகர் தாம் செய்யப்போகும் பாத்திரம், அளவு, விலை, எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து அமைப்பாளரிடம் விண்ணப்பம் கொடுக்கிறார். அமைப்பாளர் அவற்றை ஒன்றுசேர்த்து அந்தந்த உரிமையாளருக்கு அனுப்புகிறார். பின்பு மூல உருவத்தின் புகைப்படங்கள் போகின்றன. உரிமையாளர் பார்த்து, முகச்சாயல் சரியில்லையென்றோ உடை மாறியிருக்கிறதென்றோ திருத்தம் சொல்வதும் உண்டு, நிராகரிப்பதும் உண்டு. சம்மதம் கிடைத்தால், விலையில் ஒரு சிறு பங்கு எண்ணிக்கையால் பெருக்கப்பட்டு உரிமத் தொகையாகச் செலுத்தப்படுகிறது. குறித்த நாளில், குறித்த மண்டபத்தில், குறித்த எண்ணிக்கை மட்டுமே விற்கலாம். மீந்த பெட்டியை மறுநாள் விற்க அதிகாரமில்லை. அடுத்த சந்தைக்குக் கொண்டுவர வேண்டுமானால் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.

இத்தனை நியதிகளும் எதற்கு, ஒருவர் தாம் பார்த்த சித்திரத்தைத் தம் கையால் மண்ணில் பிடிப்பதற்குக் கூடவா அனுமதி வேண்டும் என்று கேட்போர் பலர். இக்கேள்விக்கு விடை, ஜப்பானிய ரசிகர்கள் பிறப்பதற்கு முன்பே, 1941இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் சொல்லப்பட்டுவிட்டது. எல்சி செகர் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 1929இல் வரைந்த 'பொப்பாய்' என்னும் மாலுமியின் உருவத்தைப் பொம்மைகளாகவும் உடையில் குத்தும் அணிகளாகவும் உரிமமின்றி விற்ற ஒரு வியாபாரியின் மேல், சித்திரத்தின் உரிமையாளர்களான கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தார் வழக்குத் தொடுத்தார்கள். பொம்மை செய்தவர் செகரின் எந்த ஒரு குறிப்பிட்ட படத்தையும் எதிரில் வைத்துக்கொண்டு செய்யவில்லை. சந்தையில் கிடைத்த வேறு பொம்மையைப் பார்த்தே செய்திருந்தாலும், மூலம் எதுவென்று பின்னோக்கிப் போனால் அது செகரின் கோடுகளிலேயே போய் முடிகிறது. ஆகவே தட்டையான சித்திரத்தைத் திரண்ட உருவமாக்குவதும் பிரதி செய்வதே என்று பிரபுக்கள் தீர்மானித்தார்கள். நம்முடைய 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இருபரிமாணக் கலைப்படைப்பை முப்பரிமாணத்தில் உருவாக்கும் அதிகாரம் உரிமையாளருக்கே உரியதென்று வெளிப்படையாகவே சொல்கிறது.

அவ்வழக்கில் எதிர்வாதி எழுப்பிய மற்றொரு வாதம் நமக்கு இன்னும் நெருக்கமானது. தொழில்முறையில் ஐம்பது பிரதிகளுக்கு மேல் பெருக்கப்படும் உருவமைப்புகளுக்குப் பதிப்புரிமை இல்லை, அவை தனியாகப் பதிவு செய்யப்பட வேண்டியவை என்ற விதி அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது. அதன் வழித்தோன்றலாக நம் சட்டத்தின் 15ஆம் பிரிவிலும் அந்த ஐம்பது என்ற எண் நிற்கிறது. பொப்பாய் லட்சக்கணக்கில் பொம்மையாகிவிட்டதால் உரிமை போய்விட்டது என்றார் எதிர்வாதி. செகர் அச்சித்திரத்தை வரைந்தபோது பத்திரிகையில் வெளியிடும் உத்தேசமே இருந்ததன்றிப் பொம்மை செய்யும் உத்தேசம் இல்லை. பின்னால் வந்த வியாபாரம் முன்னால் பிறந்த உரிமையை அழிக்காது என்று சபை விடை கூறிற்று. நம் நாட்டிலும் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில், மூலக் கலைப்படைப்பு வேறு, அதிலிருந்து தொழிலுக்காக எடுத்த உருவமைப்பு வேறு, முன்னதன் உரிமை நீடிக்கும் என்று பிரித்துக் காட்டியது. ஐம்பதுக்கு மேல் போனால் யாரும் செய்யலாம் என்றும், ஐம்பதுக்குள் நின்றால் குற்றமில்லை என்றும் நேர்மாறான இரண்டு பிழையான வதந்திகள் உலவுகின்றன, இரண்டையும் நம்பலாகாது.

சித்திரம் இருக்கட்டும், ஒரு வாகனத்துக்கும் கவசத்துக்கும் கூட இந்தப் பாத்திர மரியாதை உண்டா? அமெரிக்காவில் ஒருவர் பேட்மேனின் காரை 1966ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரிலும் 1989ஆம் ஆண்டுப் படத்திலும் கண்டபடியே முழு அளவில் செய்து, ஒன்று ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் டாலருக்கு விற்றார். ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல், அக்கார் எங்கு தோன்றினாலும் அடையாளம் காணத்தக்க நிலையான குணங்களும் தனித்தன்மையும் உடைய ஒரு பாத்திரமே என்று கூறி, விற்றவரைப் பொறுப்பாளியாக்கிற்று. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமோ 2011இல் வேறு முடிவுக்கு வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் படைவீரர் தலைக்கவசங்களை 1976இல் படத்துக்காகவே வார்த்துக் கொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்ற கைவினைஞர், 2004 முதல் அதே கவசங்களைத் தாமே விற்கத் தொடங்கியபோது படத்தின் உரிமையாளரான லூகாஸ் நிறுவனத்தார் வழக்காடினர். படத்தில் ஓர் உபயோகப் பொருளாக வந்த கவசம் சிற்பமாகாது, சிற்பமல்லாத அதற்கு இங்கிலாந்தில் பதிப்புரிமை நீடிக்கவில்லை என்று நீதிபதிகள் கூறினர். ஆயினும் அமெரிக்காவில் அவர் விற்ற சிலவற்றுக்காக அமெரிக்கச் சட்டப்படி இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே வழக்கை விசாரிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். கடல் கடந்து தபாலில் போகும் ஒரே பொருள் ஓரிடத்தில் நேர்மையான சரக்காகவும் மற்றோரிடத்தில் திருட்டுச் சரக்காகவும் இருக்கக்கூடும் என்பதை, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு கைவினைஞரும் மனத்தில் இருத்த வேண்டும்.

இதில் என் உள்ளத்தை அதிகமாக வருத்தும் விஷயம், சிற்பியின் சொந்தப் பங்கைப் பற்றியது. ஒரு தட்டைச் சித்திரத்தில் முதுகுப்புறம் இல்லை. கூந்தல் பின்னால் எப்படி விழும், உடலின் பாரம் எந்தக் காலில் இறங்கும் என்பதையெல்லாம் சிற்பியே கற்பித்துக்கொள்ள வேண்டும். காயோதோவைச் சேர்ந்த 'போமே' என்ற சிற்பியின் கைத்திறமையைக் கொண்டு ஓவியர் முரகாமி தகாஷி 1997இல் உருவாக்கிய ஒரு பணிப்பெண் சிலை, 2003இல் நியூயார்க் ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. இது கலை அன்று என்று இனி யார் சொல்ல முடியும்? ஆனால் நீதிமன்றம் அளக்கும் கோல் வேறு. மிட்டாயோடு இலவசமாகக் கொடுத்த சிறு உருவங்களைக் குறித்து காயோதோவுக்கும் ஒரு மிட்டாய்க் கம்பெனிக்கும் எழுந்த வழக்கில், ஒசாகா உயர் நீதிமன்றம் 2005இல், பேய் பிசாசு உருவங்களில் சிற்பியின் கற்பனை மிகுந்திருப்பதால் அவை பதிப்புரிமைக்கு உரியவை என்றும், உள்ளது உள்ளபடி செய்த மிருக உருவங்களும், டென்னியல் வரைந்த ஆலிஸ் கதைச் சித்திரங்களை அப்படியே திரட்டிக் காட்டிய உருவங்களும் அத்தகுதி பெறா என்றும் தீர்ப்பளித்தது. மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்கிறானோ அவ்வளவுக்குச் சிற்பியின் சொந்த உரிமை சுருங்குகிறது என்ற இந்நியாயம் கொடுமையாகத் தோன்றினாலும், ரசிக வேலையின் சட்ட நிலை இதுதான்: பிறர் நிலத்தில் அழகாக வீடு கட்டினவனுக்கு நிலம் சொந்தமாவதில்லை.

அபிமானிகள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் சில உண்டு. லாபம் எடுக்கவில்லை, செலவுக்கு மட்டும் வாங்குகிறேன் என்பது ஒன்று. மீறல் என்பது பிரதி செய்வதிலும் விற்பதிலும் இருக்கிறதேயன்றி லாபத்தில் இல்லை. படைத்தவர் பெயரைப் போட்டிருக்கிறேன் என்பது மற்றொன்று. பெயர் சொல்வது மரியாதையே, சம்மதம் ஆகாது. ஒருவர் தம் அலமாரியில் வைத்துக்கொள்ள ஒரே ஓர் உருவம் செய்தால் நம் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லும் சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளல் அவருக்குத் துணை நிற்கும். இரண்டாவதைச் செய்து விலை குறித்த கணமே அத்துணை விலகிவிடும். வியாபாரச் சின்னமாகப் பதிவான பெயரையும் இலச்சினையையும் பெட்டியின் மேல் அச்சிட்டால் தனியாக இன்னொரு சட்டமும் குறுக்கே வரும். பதிப்புரிமைக் காலம் தீர்ந்தவை மட்டுமே இதற்கு விலக்கு: 1929ஆம் ஆண்டின் பொப்பாய் அமெரிக்காவில் 2025 ஜனவரி முதல் தேதியன்று பொதுச் சொத்தாகிவிட்டது. ஆனால் பின்னாளில் அவனுக்குச் சேர்க்கப்பட்ட அம்சங்களும் சின்ன உரிமைகளும் பொதுவாகிவிடவில்லை.

ஜப்பானிய ஏற்பாடு குறையற்றதென்று நான் சொல்ல வரவில்லை. காரணம் கூறாமல் மறுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் உழைத்த உருவம் கடைசி நேரத்தில் நிராகரிக்கப்படுவதுண்டு. ஒரே நாளில் தீர்ந்துபோகும் பொருளாதலால், வாங்கிய கையோடு பல மடங்கு விலைக்கு விற்போர் தோன்றினார்கள். அவர்களைவிடக் கேடானவர்கள், ஒரு பெட்டியை வாங்கி அதன்மேல் அச்செடுத்து, மூலச் சிற்பிக்கும் உரிமையாளருக்கும் ஒரு காசும் கொடுக்காமல் பிரதிகளை உலகெங்கும் விற்பவர்கள். இத்தகைய பிரதியில் கள்ளம் இரட்டிப்பு. ஆயினும், இந்த ஏற்பாட்டினால் விளைந்த நன்மை பெரிது: நேற்று மேஜை போட்டு விற்ற ரசிகர் இன்று பெரிய நிறுவனங்களின் சிற்பியாக இருக்கும் பரம்பரையே அங்கே உருவாகியிருக்கிறது. ரசிகர்கள் அச்சிடும் சித்திரக் கதைகளைப் பெரும்பாலும் கண்டும் காணாமல் விடும் அதே தேசத்தில், பொம்மைக்கு மட்டும் அனுமதி கேட்கும் பழக்கம் ஊன்றிற்று என்றால், பொம்மை வியாபாரமே உரிமையாளரின் நேரான வருமானம் என்பதும், கேட்பதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது என்பதுமே காரணம். வேறு வகையில் வாசல் திறந்தவர்களும் உண்டு. ஸப்போரோ நகரத்து க்ரிப்டன் நிறுவனத்தார், 2007இல் தாம் வெளியிட்ட 'ஹட்சுனே மிக்கு' என்ற குரல் மென்பொருளின் பாத்திரத்தை லாபநோக்கமின்றி யாரும் பயன்படுத்தலாமென்று பொது உரிமம் எழுதி வைத்ததோடு, செலவுக்கு மட்டும் விலை வைக்கும் ரசிகர்களுக்காகச் சுலபமான பதிவு முறை ஒன்றையும் ஏற்படுத்தினார்கள்.

நம் நிலைமையைப் பார்ப்போம். நவராத்திரிக் கொலுப் படிகளில் தெய்வ உருவங்களுக்கு அருகே 'சோட்டா பீம்' உட்கார்ந்திருப்பதை இப்போது சர்வசாதாரணமாகக் காண்கிறோம். மகாபாரதத்துப் பீமன் யாருக்கும் தனிச் சொத்தல்லன்; அவனை எப்படி வேண்டுமானாலும் வடிக்க எந்தக் குயவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தக் குறிப்பிட்ட சிறுவனின் முகமும் காவி வேட்டியும் 2008 முதல் ஒளிபரப்பான தொடருக்கு உரியவை. அதன் உரிமை ஹைதராபாத் கம்பெனி ஒன்றிடம் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கொலுவுக்கு அவ்வுருவத்தைச் செய்து விற்கும் பொம்மைக்காரருக்கு எடுத்துச் சொன்னவர் யாருமில்லை. சொன்னாலும், அவர் போய்க் கேட்க வாசல் எதுவுமில்லை. பெருநகரங்களில் 2011 முதல் நடந்துவரும் காமிக் கான் கண்காட்சி 2024இல் சென்னைக்கும் வந்துவிட்டது. ரசிகர் கைவேலைகள் அங்கே விற்பனையாகின்றன. சட்டமோ கடுமையானது: அறிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. அதே சட்டம் தரும் சௌகரியத்தையும் நாம் கவனிக்கவில்லை. உரிமம் எழுத்து மூலமாக இருந்தால் போதும், எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டமே கொள்ளும். ஆகவே 'இந்த நாள், இந்த மண்டபம், இத்தனை பிரதி' என்று மூன்று வரியில் எழுதித் தருவதற்கு நம் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. புதிய சட்டமும் வேண்டியதில்லை.

கண்காட்சி நடத்துவோர் இவ்விஷயத்தில் முதலடி எடுத்து வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே விண்ணப்பப் படிவம், ஒரே கட்டண விகிதம், உரிமையாளருக்கு ஒரே கட்டாகப் போகும் புகைப்படங்கள். இவற்றை ஏற்பாடு செய்ய ஒரு குமாஸ்தாவும் மூன்று மாத அவகாசமும் போதும். நம் நாட்டுச் சித்திரத் தொடர்களின் உரிமையாளர்கள், இருபது பொம்மை வார்த்த பையனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன், அவனுக்கு இருபது பொம்மைக்கான உரிமம் கொடுத்துப் பார்க்கட்டும். பொம்மை வார்க்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அச்சுக்கு ரப்பர் வாங்குவதற்கு முன்பு, உரிமையாளர் யாரென்று விசாரித்து, செய்யப்போகும் உருவம், எண்ணிக்கை, விலை, விற்கும் நாள் ஆகிய நான்கையும் குறித்து அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பதில் எழுத்தில் வரும்வரை விலைச்சீட்டு ஒட்டாதீர்கள்.